கைராசிக்காரி வந்தால்தான் கிளம்பும் கார்

சாவி என் கையில் இருந்தது. கார் எங்கள் தெருக்கோடிப் பிள்ளையார் கோயில் வாசலில் நின்றுகொண்டிருந்தது. பின் சீட்டில் அரக்குப் பட்டும் தலை கொள்ளாத மல்லிகையுமாக என் மகள் கயல்விழி. மறுநாள் காலையில் அவளுக்குக் கல்யாணம். தஞ்சாவூர் மண்டபத்துக்கு அவளை அழைத்துப் போகிற சாயங்காலம் அது.

தேங்காய் உடைத்தாயிற்று. சூடம் காட்டியாயிற்று. சொந்தக்காரர்கள் ஏறிய வேன்கள் பின்னால் வரிசைகட்டி நின்றன. வீட்டுக்காரர் மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்க முன்னாலேயே மண்டபத்துக்குப் போய்விட்டார். நான் சாவியைத் திருப்ப வேண்டியதுதான் பாக்கி.

அப்போது தாம்பூலத் தட்டோடு முன் சீட்டில் உட்கார்ந்திருந்த என் நாத்தனார், கொஞ்சம்கூடக் கூச்சப்படாமல் சொன்னாள்: "அண்ணி, நீங்க கை வைக்காதீங்க. நல்ல காரியம். செல்விக்குச் சொல்லி அனுப்பியிருக்கேன், இப்ப வந்துரும்."

என் கார். என் பெண். என் கையில் சாவி. நான் கை வைக்கக் கூடாதாம்.

இந்தத் தொடரில் என் வாத்தியார் வேலைக் கதைகளைப் படித்துவிட்டு, டீச்சர் ரொம்பப் பெருந்தன்மையானவர் என்று ஒரு வாசகி புகழ்ந்திருந்தார். அந்த அம்மா தயவுசெய்து இந்த வாரத்தைப் படிக்காமல் தள்ளிவிடவும். இது முழுக்க முழுக்க என் வயிற்றெரிச்சல் கதை.

செல்வி யார்?

செல்வி என் ஓரகத்தி. வீட்டுக்காரரின் தம்பி மனைவி. திருவையாற்றுக்குப் பக்கத்து ஊரில் கொல்லை ஒன்று, வீடு இரண்டு. ஒன்றில் நாங்கள், மற்றதில் அவள். என் கொழுந்தன் குவைத்தில் இருக்கிறான். அவளுக்கு இரண்டு பையன்கள்.

அவளைக் கெட்டவள் என்று எழுத எனக்கு ஆசைதான். முடியவில்லை. ஒரு நாள், ஒரு பொழுது என்னை எதிர்த்துப் பேசியதில்லை. அக்கா, அக்கா என்று வாய் நிறையக் கூப்பிடுவாள். அவளிடம் எனக்குப் பிடிக்காத முதல் விஷயமே அதுதான். சண்டைக்காரியாக இருந்திருந்தால் ஒரு நாள் நன்றாகப் போட்டுத் தீர்த்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

கயல் பள்ளிக்கூடம் சேர்ந்த புதிதில் என்னை முத்துப்பேட்டைக்குத் தூக்கிப் போட்டார்கள். நான் கணக்கு டீச்சர். தினமும் போய்வரக் கூடிய தூரமில்லை. அங்கேயே ஓர் அறை எடுத்துக்கொண்டேன். திங்கட்கிழமை விடியலில் பஸ் ஏறினால் வெள்ளிக்கிழமை இருட்டிய பிறகுதான் வீடு. மாற்றல் கேட்டுக் கேட்டு வருஷங்கள் ஓடின. உப்புக் காற்றடிக்கிற அந்த வகுப்பறையில் நான் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, என் மகள் செல்வியின் அடுப்படியில் வளர்ந்துகொண்டிருந்தாள்.

சாப்பாடு சித்தி, தலைப் பின்னல் சித்தி, காய்ச்சலுக்குக் கஷாயம் சித்தி. வெள்ளிக்கிழமை நான் ஓடிவந்து ஆசை ஆசையாகப் பூண்டுக் குழம்பு வைப்பேன். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, நல்லாருக்கும்மா என்பாள் கயல். செல்வி வைத்த குழம்பை அவள் ஒரு நாளும் பாராட்டி நான் கேட்டதில்லை. தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போய்விடுவாள். விருந்தாளிக்குத்தானே பாராட்டெல்லாம்? அந்த 'நல்லாருக்கும்மா' என் தொண்டையில் மீன்முள்ளாக நிற்கும்.

கயல் பெரியவளான செய்திகூட எனக்குப் பள்ளிக்கூட ஆபீஸ் போனில்தான் வந்தது. ஹெட்மாஸ்டர் மேஜைக்கு எதிரே நின்றுகொண்டு கேட்டேன். சொன்னது செல்வி. பதறாம வாங்கக்கா, நான் எல்லாம் பாத்துக்கிட்டேன் என்றாள். அவள் ஆறுதலுக்குத்தான் சொன்னாள். எனக்கு அந்தப் போனைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போலிருந்தது. பார்த்துக்கொள்ள வேண்டியவள் நான் இல்லையா?

இரண்டு பிள்ளைகளைப் பெற்றவளுக்கு என் ஒரே மகளும் எதற்கு என்று எத்தனையோ தடவை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பொருமியிருக்கிறேன். பட்டுக்கோட்டை தாண்டும்வரை பொருமுவேன். அப்புறம் தூங்கிவிடுவேன்.

கார் வந்த கதை

ஒரு வழியாக மாற்றல் கிடைத்து ஊரோடு வந்த வருஷம் அந்தக் காரை வாங்கினேன். வாங்கும்போதே பழைய கார். வெள்ளை நிறம், பெட்ரோல் வண்டி. கம்பெனிப் பெயரைச் சொல்லப் போவதில்லை. கம்பெனி ஒரு பாவமும் செய்யவில்லை, செய்ததெல்லாம் நாங்கள்.

கயலை டியூஷனுக்கு, பரீட்சைக்கு, துணி எடுக்க, எல்லாவற்றுக்கும் இனி நானே கொண்டுபோய் விட வேண்டும் என்பது என் திட்டம். போன வருஷங்களைப் பெட்ரோல் ஊற்றிப் பிடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

வீட்டுக்காரருக்கு டிராக்டரைத் தவிர எதுவும் வண்டியாகத் தெரியாது. காரை ஓட்டக் கற்றுக்கொள்ளவே மாட்டேன் என்றுவிட்டார். நான் கற்றுக்கொண்டு லைசென்ஸ் எடுத்தேன். ஆபத்து அவசரத்துக்கு இன்னோர் ஆள் வேண்டுமே என்று செல்விக்கும் சொல்லிக் கொடுத்தேன். ஆமாம், நானேதான். கிளச்சை மெதுவாக விடு, வண்டி சூடானதும் சோக்கை உள்ளே தள்ளு என்று ஆற்றங்கரைச் சாலையில் மாதக் கணக்கில் தொண்டை வறளக் கத்தினேன். என் வினைக்கு நானே கதவைத் திறந்து சீட்டைக் காட்டி உட்கார வைத்தேன்.

சோக் என்றால் தெரியாதவர்களுக்கு: அந்தக் காலத்துப் பெட்ரோல் கார்களில் ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு குமிழ் இருக்கும். இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது அதை வெளியே இழுத்தால் பெட்ரோல் கூடுதலாகப் போய் வண்டி சட்டென்று கிளம்பும். சூடானதும் உள்ளே தள்ளிவிட வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

பிள்ளையார் முன்னால் ஓடக் கூடாது

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. டிராக்டரோ, மோட்டார் சைக்கிளோ, காரோ, எங்கள் வண்டி எது ஊரைவிட்டு வெளியே போனாலும் தெருக்கோடிப் பிள்ளையார் முன்னால் நிற்க வேண்டும். இன்ஜினை அணைக்க வேண்டும். இறங்கிச் சூடம் ஏற்றி, தோப்புக்கரணம் போட்டு, திருநீறு பூசிக்கொண்டுதான் மறுபடி எடுக்க வேண்டும். சாமி மூஞ்சியில் புகை விட்டுக்கொண்டு நிற்பது அடாவடித்தனம் என்பது வீட்டுக்காரர் கட்சி. எனக்கும் அதில் ஆட்சேபம் இருந்ததில்லை.

டிராக்டருக்கும் ஆட்சேபம் இல்லை. காருக்குத்தான் இருந்தது. ஷெட்டில் சோக்கை இழுத்துச் சாவி போட்டால் சமர்த்தாகக் கிளம்பும். தெருக்கோடிவரை ஜம்மென்று வரும். கும்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால் முடிந்தது கதை. செல்ஃப் சுற்றும், இன்ஜின் பிடிக்காது. ஆக்ஸிலேட்டரை மிதிப்பேன். சோக்கை இன்னும் நன்றாக இழுப்பேன். பெட்ரோல் வாடை குடலைப் பிரட்டும். மறுபடி மிதிப்பேன். பக்கத்து டீக்கடையில் இருப்பவர்கள் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்கள்.

கயலுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை தொடங்கிய நாளன்று அப்படித்தான் நின்றது. நான் மிதிக்கிறேன், அது முனகுகிறது. கயலுக்குக் கண் கலங்கிவிட்டது. கதவைத் திறந்துகொண்டு வீட்டைப் பார்க்க ஓடினாள். திரும்பி வரும்போது கூடவே செல்வி. கையில் மாவு. அதை முந்தானையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சாவியைத் திருப்பினாள்.

கிளம்பிவிட்டது.

கயல் பின்னாலிருந்து எட்டி அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பரீட்சைக்குக் கொண்டுபோய் விட்டதும் அவள்தான். எடுத்த கையே ஓட்டட்டும், ஆள் மாறினால் மறுபடி நின்றுவிடும் என்று டீக்கடையிலிருந்து யாரோ தீர்ப்புச் சொன்னார்கள். நான் தெருவில் நின்றேன்.

செல்விக்கு ஏற்கெனவே கைராசிக்காரி என்று பெயர். எங்கள் வயலில் நடவு நட முதல் நாற்றுக்கட்டை அவள் கையால்தான் வாங்குவார்கள். அந்தக் கைராசி இப்போது காருக்கும் வந்துவிட்டது. அன்றிலிருந்து பிள்ளையார் முன்னால் கார் நின்றால் போதும், ஆளாளுக்குச் செல்வியைக் கூப்பிடு என்பார்கள். அவளும் போட்ட வேலையைப் போட்டபடி வருவாள். உட்காருவாள், ஒற்றிக்கொள்வாள், திருப்புவாள், கிளம்பும். ஒரு தடவை தவறியதில்லை.

வைத்தியம்

நான் விடவில்லை. புது பேட்டரி போட்டேன். பேட்டரி முனைகளில் பூத்திருந்த வெள்ளைப் பொடியை வெந்நீர் ஊற்றித் தேய்த்துக் கழுவி வாஸ்லின் தடவினேன். பிளக்குகளை மாற்றினேன். பெட்ரோல் வடிகட்டியை மாற்றினேன். வயரை எலி கடித்திருக்குமோ என்று ஷெட்டில் அடுக்கியிருந்த நெல் மூட்டைகளை வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லி வீட்டுக்காரரோடு மல்லுக்கு நின்றேன். திருவையாற்று மெக்கானிக்கிடம் எடுத்துப் போனால் அவர் முன்னால் கார் தங்கக் கம்பியாக நடந்துகொள்ளும். எங்கிட்ட ஒழுங்காத்தானே எடுக்குது டீச்சர் என்று என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்.

அப்புறம் செல்வியை வேவு பார்க்க ஆரம்பித்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் பார்த்தேன். பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்துகொண்டு அவள் கால் எங்கே இருக்கிறது, சாவியை எவ்வளவு நேரம் பிடிக்கிறாள், மூச்சை இழுக்கிறாளா விடுகிறாளா என்றுகூடக் கவனித்தேன். விசேஷமாக எதுவும் செய்யவில்லை. கடைசியில், கணக்கு டீச்சராகிய நான், யாரும் பார்க்காத ஒரு நாள் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாவியைத் திருப்பினேன். கார் முனகியதோடு சரி.

அந்த இரும்பு வண்டிக்குக்கூட என்னைவிட அவளைத்தான் பிடிக்கிறது என்று நிஜமாகவே நம்ப ஆரம்பித்தேன். பொறாமை ஏறிவிட்டால் படித்தவள் படிக்காதவள் எல்லாம் ஒன்றுதான்.

போனில் வந்த கைராசி

கயல் படித்து முடித்து, வேலைக்குப் போய், அவளுக்கு வரனும் அமைந்தது. கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால் ரவிக்கை தைக்கக் கொடுக்கத் தஞ்சாவூர் கிளம்பினோம். செல்வி நாகப்பட்டினத்தில் அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். நாங்கள் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு வந்தோம். கார் வழக்கம்போல நின்றுவிட்டது.

வீட்டுக்காரர் என்ன செய்தார் தெரியுமா? செல்விக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் வைத்து டாஷ்போர்டு மேல் வைத்தார். செல்வி, வண்டி நின்னுருச்சு, நீ அங்கேருந்தே ஒரு வார்த்தை சொல்லும்மா என்றார். அவர் விளையாட்டுக்குச் சொன்னாரா நிஜமாகச் சொன்னாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

செல்வி உடனே ஒரு வார்த்தை சொல்லிவிடுவாளா? வீட்டுக்காரருக்குக் கால் வலி எப்படி என்று கேட்டாள். கயல் சாப்பிட்டாளா என்று கேட்டாள். ரவிக்கைக்குக் கழுத்து இறக்கமாக வேண்டாம், லேஸ் எந்தப் பக்கம் வர வேண்டும் என்று சொன்னாள். கயலும் அவளும் சிரித்துச் சிரித்துப் பேசினார்கள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி உட்கார்ந்திருந்தேன். எல்லாம் பேசி முடித்து, சரிக்கா இப்ப எடுங்க என்றாள்.

எடுத்தேன். கிளம்பிவிட்டது.

நாகப்பட்டினத்திலிருந்து, செல்போன் வழியாக. கயல் கைதட்டினாள். வீட்டுக்காரர் போனைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை. 

மறுநாள் காலையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கும்போது பளிச்சென்று பிடிபட்டது. அந்தச் சாவியைத் திருப்பியது என் கை. என் கைக்கே கிளம்பியிருக்கிறது. அப்படியானால் கையில் எதுவும் இல்லை. செல்வி வந்து சேரவோ, பேசி முடிக்கவோ ஆகிற நேரத்தில்தான் இருக்கிறது.

அன்றே வீட்டுக்காரர் வயலுக்குப் போனதும் காரை எடுத்தேன். பிள்ளையார் முன்னால் நிறுத்தினேன். திருப்பினேன், பிடிக்கவில்லை. மிதிக்காமல், எதையும் தொடாமல் டீக்கடையில் ஒரு டீ வாங்கி நிதானமாகக் குடித்தேன். மறுபடி திருப்பினேன். கிளம்பியது.

கணக்கு எளிது. ஆறிக் கிடந்த இன்ஜினைச் சோக் இழுத்து எழுப்பி, தெருக்கோடிவரை மட்டும் ஓட்டி அணைத்துவிடுகிறோம். கூடுதலாகப் போன பெட்ரோல் எரியாமல் உள்ளேயே தங்கி, தீப்பொறி தர வேண்டிய பிளக்கை நனைத்துவிடுகிறது. நான் மிதிக்க மிதிக்க இன்னும் நனைகிறது. ஆளை அனுப்பி, செல்வி கை கழுவி வந்து சேர்வதற்குள் அதுவே காய்ந்துவிடுகிறது. விக்கினம் தீர்க்க வேண்டிய இடத்தில் நாங்களே விக்கினத்தை உண்டாக்கி, அதைத் தீர்த்த பெருமையை என் ஓரகத்திக்குக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

மருந்தும் எளிதாகத்தான் இருந்தது. ஷெட்டிலேயே வண்டியை ஓடவிட்டு, நன்றாகச் சூடாகி, சோக்கை உள்ளே தள்ளிய பிறகு தெருக்கோடிக்கு எடுத்து வந்தேன். அணைத்தேன். திருப்பினேன். முதல் திருப்பிலேயே பிடித்தது. டீக்கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், ஓகோ அப்படியா என்று கேட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்த்திருப்பார்கள். எனக்கு அது போதாது. கயலை மண்டபத்துக்கு அழைத்துப் போகிற அன்று, ஊரும் உறவும் சுற்றி நிற்க, என் மகள் பார்த்துக்கொண்டிருக்க, என் கைக்கு அந்தக் கார் கிளம்ப வேண்டும். பிறந்த வீட்டிலிருந்து அவளைக் கூட்டிப் போனது அவள் அம்மா என்று இருக்க வேண்டும். அந்த ஒரு ஆசையைத்தான் மடியில் கட்டிக்கொண்டு காத்திருந்தேன்.

நாத்தனார் இந்தப் பத்திரிகை படிப்பதில்லை என்ற தைரியத்தில்தான் இதையெல்லாம் எழுதுகிறேன்.

திருப்பினேன்

ஆகவே அந்தச் சாயங்காலம், ஷெட்டில் நன்றாகச் சூடேற்றிய காரில், சாவியும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். நாத்தனார் கை வைக்காதீங்க என்கிறாள். வேனிலிருந்து யாரோ, செல்வி வந்தாச்சா என்று குரல் கொடுக்கிறார்கள்.

பின்னாலிருந்து கயல் என் தோளைத் தொட்டாள். "அம்மா, சித்தி ஓட்டட்டும்மா. நீ..." என்று தொடங்கினாள்.

அதற்குமேல் நான் கேட்கவில்லை. நீயுமா என்றுதான் தோன்றியது. உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. சாவியைத் திருப்பினேன்.

முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது. நாத்தனார் வாயைப் பிளந்தாள். வேனில் கைதட்டினார்கள். டீக்கடையில்கூட ஒரு விசில் கேட்டது. நான் கண்ணாடியில் கயல் முகத்தைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. மடியில் கிடந்த தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செல்வி அப்போதுதான் இரண்டு வீட்டையும் பூட்டிவிட்டு, பட்டுப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேகவேகமாக வந்தாள். இன்ஜின் ஓடுவதைக் கேட்டு ஒரு விநாடி நின்றாள். முகம் சுண்டும் என்று எதிர்பார்த்தேன். அக்காவே எடுத்துட்டாங்களா, நல்லதாப் போச்சு என்று சிரித்துக்கொண்டே பின் கதவைத் திறந்து கயல் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்குப் பொறாமைப்படக்கூடத் தெரியவில்லை. எனக்கு அதன் மேலும் பொறாமையாக இருந்தது.

காவிரிப் பாலம் தாண்டும்போது நான் ராணி. ஆவணி மாதம், இரு கரையும் தொட்டுத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. குடமுருட்டியிலும் நான் ராணிதான். அண்ணிக்கும் கைராசி வந்துருச்சு என்று நாத்தனாரே ஒப்புக்கொண்டாள். ஆனால் கண்ணாடியில் அடிக்கடி கண் போயிற்று. கயல் செல்வியின் தோளில் சாய்ந்திருந்தாள். செல்வி அவள் பூவைச் சரிசெய்துகொண்டிருந்தாள். என் மகள் பிறந்த வீட்டை விட்டுப் போகிற நேரத்தில் எனக்குக் கிடைத்தது அவளுடைய உச்சி வகிடும் நெற்றிச்சுட்டியும், அதுவும் ஒரு சாண் கண்ணாடியில்.

வெட்டாறு தாண்டியதும் பொறுக்க முடியாமல் கேட்டேன், என்னடி பேசாமல் வருகிறாய் என்று.

கயல் செல்வியின் தோளிலிருந்து தலையை நிமிர்த்தினாள். "நீ பின்னாடி என் பக்கத்துல உக்காரணும்னுதாம்மா சித்திய ஓட்டச் சொன்னேன். தஞ்சாவூர் போற வரைக்கும் உன் கையப் புடிச்சுக்கிட்டே வரலாம்னு நெனச்சேன். சித்திகிட்ட நேத்தே சொல்லி வச்சிருந்தேன். நாளைக்கு எங்கேம்மா நேரம் இருக்கப் போவுது?"

செல்வி ஜன்னல் பக்கம் திரும்பி நாற்றங்காலைப் பார்த்துக்கொண்டாள்.

அதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா அந்தப் பெண்? சொல்லத்தான் வந்தாள். நான்தான் விடவில்லை. எனக்கு ஸ்டியரிங் மங்கலாகத் தெரிந்தது. ஓட்டுகிறவள் பின் சீட்டில் உட்கார முடியாது. இத்தனை நாள் கணக்குப் போட்டவள் இந்தச் சின்னக் கணக்கைப் போடவில்லை.

நிறுத்தி இடம் மாறிக்கொள்ளலாமே என்பீர்கள். பெண் ஏறிய வண்டியை மண்டபம் சேரும்முன் நடுவழியில் நிறுத்தக் கூடாது. அது எங்கள் பக்கத்துச் சம்பிரதாயம். நானாக நிறுத்தினால் நாத்தனார் தஞ்சாவூர்வரை ஒப்பாரி வைப்பாள். பின்னால் வேன்கள் வேறு. ஆனால் வண்டி தானாக நின்றுவிட்டால்? அது யார் குற்றம்?

வெண்ணாற்றுப் பாலம் வந்தது. பாலத்தைத் தாண்டினேன். ஓரம் கட்டுகிற மாதிரி மெதுவாக்கி, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். ஸ்டியரிங்குக்குக் கீழே வலது கையை விட்டு, கொதித்துக்கொண்டிருந்த அந்த இன்ஜினுக்குச் சோக்கை முழுசாக இழுத்தேன். கார் இருமியது. குலுங்கியது. பின்னால் கரும்புகை விட்டது. சாலையோரப் புளியமரத்தடியில் அப்படியே அடங்கிவிட்டது. போதாததற்கு ஆக்ஸிலேட்டரை நாலு மிதி மிதித்துவிட்டுச் செல்ஃபைச் சுற்றிக் காட்டினேன். பெட்ரோல் வாடை ஊரைத் தூக்கியது.

"நான் அப்பவே சொன்னேனே, கை வைக்காதீங்கன்னு" என்று நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டே இறங்கினாள். வேன்களிலிருந்து எல்லோரும் இறங்கி வந்துவிட்டார்கள்.

நான் அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். "செல்வி, நீ வந்து உக்காரு. என் கைக்கு இது எடுக்காது. உனக்குத்தான் ராசி."

அந்த வார்த்தை வெளியே வர என்ன பாடுபட்டேன் என்பது எனக்குத்தான் தெரியும். இன்றைக்கும் எங்கள் சொந்தத்தில் கயல் கல்யாணப் பேச்செடுத்தால், டீச்சர் எடுத்த வண்டி நடுவழியில் நின்ற கதையும் செல்வி வந்து எடுத்த கதையும்தான் முதலில் வரும். கேட்கும்போதெல்லாம் எரிகிறது. வாயைத் திறப்பதில்லை.

செல்வி முன்னால் வந்து உட்கார்ந்தாள். நான் பின்னால் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன். கயல் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு தோளில் சாய்ந்தாள். மருதாணி வாசனை வந்தது. அவள் கை இவ்வளவு பெரிதாகியிருப்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. 

செல்வி ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். குனிந்து பார்த்தாள். முழுசாக வெளியே நீட்டிக்கொண்டிருந்த சோக் அவள் கண்ணில் பட்டிருக்கும். வண்டி சூடானதும் அதை உள்ளே தள்ள வேண்டும் என்று அவளுக்குக் கற்றுக் கொடுத்தவள் நான். யாரிடமும் காட்டிக்கொள்ளாமல் அதை உள்ளே தள்ளினாள். சாவியில் கை வைத்தாள். திருப்பவில்லை.

ஜன்னலுக்கு வெளியே நாத்தனார், இன்னும் என்ன செல்வி, எடேன் என்று பறந்துகொண்டிருந்தாள். செல்வி அசையவில்லை. வேன் டிரைவர் வந்து தள்ளட்டுமா என்று கேட்டார். வேண்டாம்ண்ணே என்றாள்.

கொஞ்ச நேரம் போயிற்று. பிறகு அவள் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள்.

"எடுக்கட்டுமாக்கா?"

அதற்குள் பிளக் காய்ந்திருக்கும். எனக்குத் தெரியும். கயலின் விரல் என் விரலை இறுக்கியது.

"இன்னும் புடிக்காது செல்வி" என்றேன். "கொஞ்சம் இரு."